பி.எஸ்சி. நர்சிங் போஸ்டிங்: முதல் செமஸ்டரிலேயே தெரிந்திருக்க வேண்டியவை

நான் இப்போது எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு விடுமுறை முழுவதையும் இழந்தேன். படிப்பில் குறையில்லை, வேலையிலும் குறையில்லை. செய்த வேலைக்குச் செய்த அன்றே கையெழுத்து வாங்கவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து, போஸ்டிங் (மருத்துவமனை வார்டுகளிலும் சுகாதார நிலையங்களிலும் செய்யும் பயிற்சி) என்ற சொல்லையே புதிதாகக் கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் நர்ஸ் என்றால் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

1. சேர்ந்த வாரமே ஹெபடைட்டிஸ் பி ஊசியைத் தொடங்குங்கள்

யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பதற்கும் முன்னால் இது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ். முதல் டோஸ் போட்ட ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஆக முழுப் பாதுகாப்புக்கு அரை வருடம் ஆகிவிடும். ஆனால் வார்டு போஸ்டிங் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுகிறது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பாதுகாப்பு இல்லாமல் ஊசியையும் ரத்தத்தையும் கையாளப்போகும் ஒரு வாரம்.

சிறு வயதில் போட்டதாக அம்மா சொன்னால் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அட்டை இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-ஹெச்.பி.எஸ். டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பொருள். இந்தப் பரிசோதனையைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். நாளைக்குக் கையில் ஊசி குத்தினால் மருத்துவர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

அம்மை வந்திருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். சின்னம்மை வராதவர்களுக்கு இரண்டு டோஸ் தடுப்பூசி உண்டு. ருபெல்லா தடுப்பூசி, டி.டி. (டெட்டனஸ் ஊசி) பற்றியும் அதே நாளில் கேட்டு முடித்துவிடுங்கள். குழந்தைகள் வார்டிலும் பிரசவ வார்டிலும் நிற்கப்போகிறவர்களுக்கு இவை முக்கியம்.

2. ஒரு கோப்பு, மூன்று நகல்

ஒவ்வொரு மருத்துவமனையும் புதிதாக ஆவணம் கேட்கும். கல்லூரி ஆபீசில் எல்லாம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். போஸ்டிங் தொடங்கும் அன்று காலை ஏழு மணிக்கு ஆபீஸ் திறந்திருக்காது. உங்கள் கையில் இருக்க வேண்டியவை:

கல்லூரி அடையாள அட்டை, தடுப்பூசி விவரங்கள், டைட்டர் முடிவு, பதிவு எண்ணும் முத்திரையும் உள்ள மருத்துவரின் உடற்தகுதிச் சான்றிதழ், ஆதார் நகல், ரத்த வகைச் சான்று, நான்கைந்து பாஸ்போர்ட் அளவு படங்கள், போஸ்டிங் அனுமதிக் கடிதத்தின் நகல். கடைசியாகச் சொன்ன கடிதம் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையே போகிற ஒன்று. மாணவர் கையில் தரமாட்டார்கள். டியூட்டரிடம் கேட்டு போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். வாசலில் செக்யூரிட்டி தடுத்து நிறுத்தும்போது அதுதான் பேசும்.

ஒரிஜினலைப் போஸ்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வார்டில் பை வைக்க இடம் இருக்காது.

3. பணம்: ஃபீஸுக்கு வெளியே எவ்வளவு?

இதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சொந்த மருத்துவமனை உள்ள கல்லூரி என்றால் செலவு குறைவு. இல்லையென்றால் கல்லூரி வெளி மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் செய்திருக்கும், அதற்கான கட்டணம் ஏதாவது ஒரு பெயரில் உங்களிடம் வரும். சேரும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: "கிளினிக்கல் ஃபீஸ் தனியா, டியூஷன் ஃபீஸோடு சேர்த்தா? போஸ்டிங் போகிற பஸ் செலவு யாருடையது?" பதிலை எழுத்தில் வாங்க முடியாவிட்டாலும், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

என் கையிலிருந்து போனதைச் சொல்கிறேன். மூன்று செட் யூனிஃபார்ம், இரண்டு ஜோடி வெள்ளை ஷூ, ஸ்டெதஸ்கோப், பி.பி. கருவி, நொடி முள் உள்ள ஃபாப் வாட்ச் எல்லாம் சேர்த்து முதல் வருடத்தில் சுமார் ஒன்பதாயிரம் ஆனது. இதில் நான் செய்த தவறு, சீனியர்கள் வைத்திருக்கிறார்கள் என்று விலை அதிகமான ஸ்டெதஸ்கோப்பை வாங்கியது. முதல் இரண்டு வருடத்துக்குச் சில நூறு ரூபாய் ஸ்டெதஸ்கோப்பே போதும். அந்தக் காசை ஷூவில் போடுங்கள். நாள் முழுக்க நிற்கப்போவது காலில்.

ஓசையில்லாமல் சேரும் செலவு ரெக்கார்ட் நோட்டு, சார்ட், பிரின்ட் அவுட். கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்), கேஸ் ஸ்டடி, கேஸ் பிரசன்டேஷன், ஹெல்த் எஜுகேஷன் என்று ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் வரும். மாதத்துக்கு ஐந்நூறு ரூபாயை இதற்கென்றே ஒதுக்குங்கள். வெளியூர் போஸ்டிங் வந்தால், உதாரணமாக மனநலப் பிரிவுக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பினால், தங்குமிடமும் சாப்பாடும் தனி. அந்த வாரங்களுக்கு ஹாஸ்டல் மெஸ் கட்டணத்தைக் கழித்துத் தரச் சொல்லி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். போய் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

4. மணிக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம் 2021-இல் அரசிதழில் வந்தது. எட்டு செமஸ்டர். அதில் போஸ்டிங் மணிகள் பாடவாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் செமஸ்டர் நர்சிங் ஃபவுண்டேஷன் (அடிப்படை நர்சிங்) பாடத்துக்கு 160 மணி, இரண்டாவதுக்கு 320 மணி. அடல்ட் ஹெல்த் நர்சிங் (பெரியவர்களுக்கான நர்சிங்) மூன்றாவது செமஸ்டரில் 480, நான்காவதில் 480. முதல் இரண்டு வருடத்தில் இந்தப் பாடங்களுக்கு மட்டுமே 1,440 மணி நேரம் வார்டில் இருக்கிறீர்கள்.

எல்லாரும் விழும் குழி இதுதான்: "எண்பது சதவீதம் இருந்தால் போதும்." தேர்வு எழுத 80 சதவீதம் போதும் என்பது சரி. ஆனால் பட்டம் கைக்கு வர ஒவ்வொரு போஸ்டிங் பகுதியிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 480 மணியில் 20 சதவீதம் என்றால் 96 மணி. ஒரு நாளைக்கு எட்டு மணி என்றால் பன்னிரண்டு நாள். தேர்வு எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர் அந்தப் பன்னிரண்டு நாளைப் பிறகு ஏதோ ஒரு விடுமுறையில் ஈடுகட்டியே ஆக வேண்டும். இரண்டு மூன்று பாடத்தில் இப்படிச் சேர்ந்துவிட்டால் நண்பர்கள் வேலைக்குப் போகும்போது நீங்கள் வார்டில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. எந்தக் காரணத்துக்காக வராவிட்டாலும் வராதது வராததுதான் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவச் சான்று கொடுத்தால் திட்டு குறையும், மணி கூடாது. ஆகவே ஒரு சின்ன டைரி வையுங்கள்: தேதி, வார்டு, எத்தனை மணி, விடுப்பு. மாதக் கடைசியில் கல்லூரி வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். என் டைரிக்கும் பதிவேட்டுக்கும் ஒரு முறை மூன்று நாள் வித்தியாசம் வந்தது. அந்த வாரத்திலேயே காட்டியதால் திருத்தினார்கள்.

5. முதல் வாரம் வார்டில்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங்கை முதல் முறை பார்க்கும்போது மயங்கி விழுபவர்களில் பெரும்பாலோர் காலையில் வெறும் டீயோடு வந்தவர்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றபடி சமாளிக்க நினைத்தால் டிராலியின் மேல் விழுவீர்கள்.

வளையல், மோதிரம், மெகந்தி, நீளமான நகம் எதுவும் வேண்டாம். கொண்டை போட்டு நெட் மாட்டுங்கள். பையில் இரண்டு பேனா (ஒன்று கண்டிப்பாகக் காணாமல் போகும்), சின்ன நோட்டு, கத்தரிக்கோல், டார்ச்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதலில் போய் உங்கள் பெயர், எந்த வருடம், இந்தப் போஸ்டிங்கில் என்னென்ன முடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வார்டில் வேலை பார்க்கும் ஆயாம்மாவுக்கும் வணக்கம் சொல்லுங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நோயாளியைப் படுக்கை எண் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "ஐயா", "அம்மா", "பாட்டி" என்று தொடங்கி, "நான் நர்சிங் மாணவி, பி.பி. பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் சரி என்று சொல்லி நகர்ந்துவிட்டு, பிறகு வந்து கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது முறை கையை நீட்டுவார்கள்.

குப்பைத் தொட்டி நிறம் அன்றே மனப்பாடமாக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில். ஐ.வி. செட் (டிரிப் ஏற்றும் குழாய்), கேத்தீட்டர், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூரானவை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். வாய்மொழித் தேர்விலும் இதைக் கேட்பார்கள். அதைவிட, நீங்கள் தவறான பையில் போடும் ஊசி குத்துவது துப்புரவுப் பணியாளரின் கையில்.

போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். நோயாளி, கேஸ் ஷீட், எக்ஸ்ரே எதையும் படம் எடுக்காதீர்கள். கேர் பிளானில் முழுப் பெயர் எழுதாமல் முதலெழுத்து மட்டும் போடுங்கள்.

6. லாக் புக்: செய்த அன்றே கையெழுத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

லாக் புக்கில் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு கட்டம் இருக்கும். ஊசி போட்டது, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாய்) வைத்தது, ஆன்டிநேட்டல் (கர்ப்பிணி) பரிசோதனை, பிரசவம் பார்த்தது என்று எதை எத்தனை முறை செய்ய வேண்டும் என்ற எண்ணிக்கையும் இருக்கும். செய்ததற்குச் சாட்சி மேற்பார்வையிட்டவரின் கையெழுத்து. அது இல்லாவிட்டால் நீங்கள் செய்யவில்லை என்றே அர்த்தம்.

எனக்கு நடந்தது இது. மிட்வைஃபரி (பிரசவ உதவி) போஸ்டிங்கில் லேபர் வார்டு நாள் முழுக்க ஓட்டமாக இருக்கும். நான் பார்த்த கேஸ்களைத் துண்டுத் தாளில் குறித்து வைத்தேன், போஸ்டிங் முடிந்ததும் நிதானமாக லாக் புக்கில் எழுதி மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று. முடிவதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் வேலையை விட்டுப் போனார். வார்டு இன்சார்ஜுக்கு வேறு வார்டு மாறியது. புதிதாக வந்தவரிடம் போய் நின்றேன். "நான் பார்க்காததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. என் துண்டுத் தாளில் பலவற்றுக்குத் தேதி மட்டும்தான் இருந்தது, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) இல்லை. ஐ.பி. எண் இருந்தவற்றைப் பிரசவப் பதிவேட்டில் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மற்றவற்றை விடுமுறையில் மூன்று வாரம் திரும்பப் போய்ச் செய்தேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். லாக் புக்கைப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தினமும் கொண்டு போங்கள். ஒரு செயல்முறை முடிந்ததும் தேதி, ஐ.பி. எண், நோய், யார் மேற்பார்வையில் என்ற நான்கையும் உடனே எழுதுங்கள். கையெழுத்தை அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் வாங்குங்கள். சிஸ்டர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது நோட்டை நீட்டாதீர்கள். ஹேண்ட் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைப்பது) முடிந்த அந்தப் பத்து நிமிடம்தான் சரியான நேரம். சிலர் முகம் சுளிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்புங்கள். என் வகுப்பில் ஒருவருடைய லாக் புக் மழையில் நனைந்து மை கரைந்து போனது. படங்கள் இருந்ததால்தான் தப்பித்தார்.

பொய்யாக எழுதாதீர்கள். "பார்த்தது", "உதவியது", "தானே செய்தது" மூன்றும் வெவ்வேறு கட்டம். எண்ணிக்கையை நிரப்பப் பார்த்ததைச் செய்ததாக எழுதினால், நாளைக்கு வேலையில் சேர்ந்த முதல் இரவில் தனியாக நிற்கும்போது கை நடுங்கும்.

7. மருந்து

எந்த மருந்தையும், ஊசியோ மாத்திரையோ, தனியாகக் கொடுக்காதீர்கள். "நீயே போட்டுட்டு வாம்மா" என்று கூட்டமான வார்டில் சொல்வார்கள். "சிஸ்டர், நீங்க பக்கத்துல நில்லுங்க, நான் போடறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நீங்கள் மருந்து நிரப்பாத சிரிஞ்சை நீங்கள் போடக் கூடாது.

டிரிப் கணக்கு தெரியாமல் வார்டுக்குள் போகாதீர்கள். மொத்த அளவை டிராப் ஃபேக்டரால் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற எண்) பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மில்லி, நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், செட் 20 சொட்டு என்றால்: 500 × 20 ÷ 240. நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டுக்குச் செட்டு இந்த எண் மாறும், மைக்ரோ செட்டில் 60. உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்ததும் மிரள்வது என்.பி.ஓ., பி.டி., டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ்., ஸ்டாட் போன்ற சுருக்கங்களைப் பார்த்துத்தான். இவை மொத்தமே நாற்பது ஐம்பது சொற்கள்தான். ஒரு அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். பதினைந்து நாளில் பழகிவிடும். ஆங்கிலம் தெரியாததால் நர்சிங் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

8. ஊசி குத்திவிட்டால்

பயப்படுவீர்கள். அது இயல்பு. ஆனால் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்த தோழி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம்.

சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊற்றாதீர்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு கேஷுவாலிட்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் முதல் டோஸை இரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. மருந்து 28 நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். உங்கள் ரத்தத்தையும் அன்றே பரிசோதித்து வைப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி டைட்டர் 10 அல்லது அதற்கு மேல் என்ற முடிவு கையில் இருந்தால் அந்தக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. என்ன நடந்தது என்று தேதி, நேரத்தோடு எழுதி, கல்லூரிக்கு ஒரு நகல் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியின் மூடியைத் திரும்பப் போடும்போதுதான் பெரும்பாலும் குத்துகிறது. மூடாதீர்கள்.

9. மனநலப் பிரிவும் கிராமப் போஸ்டிங்கும்

மனநலப் போஸ்டிங்கில் கண்ணாடி வளையல், சேஃப்டி பின், துப்பட்டா வேண்டாம். போன் நம்பர் கொடுக்காதீர்கள். "நாளைக்கு வரேன்" என்று சொன்னால் கட்டாயம் போங்கள், முடியாதென்றால் சொல்லாதீர்கள். அவர்களில் சிலர் காத்திருப்பார்கள். பிராசஸ் ரெக்கார்டிங்கை (நோயாளியோடு பேசியதை அப்படியே எழுதும் பதிவு) முதலில் தமிழிலேயே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஆங்கிலமாக்குவது பிறகு. "நெஞ்சு அடைக்குது" என்று ஒரு அம்மா சொன்னதை நான் அவசரத்தில் மூச்சுத்திணறல் என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது இறந்துபோன மகனைப் பற்றி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி. இந்த இரண்டு நாளும் விடுப்பு எடுக்காதீர்கள். உங்கள் எண்ணிக்கையில் பாதி அன்றுதான் முடியும். வீட்டுப் பார்வைக்குக் கிராம சுகாதார செவிலியரோடு போங்கள். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் வேண்டும். கொண்டு போகும் பையை ஒரு நாளிதழ் விரித்து அதன் மேல்தான் வைக்க வேண்டும், தேர்விலும் கேட்பார்கள்.

மிட்வைஃபரி ஆண் மாணவர்களுக்கும் உண்டு. தாயிடம் அனுமதி கேட்டு, பெண் ஸ்டாஃப் உடனிருக்கும்போது மட்டும் பரிசோதியுங்கள். மறுத்தால் மனம் சுருங்க வேண்டாம், அந்த ஷிஃப்டிலேயே வேறு கேஸ் கேட்டுச் சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள்.

10. இன்டர்ன்ஷிப்புக்கு வந்த பிறகு

எட்டாவது செமஸ்டர் முழுக்க 22 வாரம், வாரத்துக்கு 48 மணி, மொத்தம் 1,056 மணி. சமூக நலம், குழந்தைகள் நலம், மனநலம், மிட்வைஃபரி ஒவ்வொன்றும் நான்கு வாரம், அடல்ட் ஹெல்த் ஆறு வாரம். நைட் டியூட்டியும் வரும். பகலில் தூங்க ஹாஸ்டலில் இருட்டான அறை கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். நைட் முடிந்த காலையில் பைக் ஓட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

பழைய பாக்கி மணிகள் இருந்தால் இந்த 22 வாரத்துக்குள் நுழைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இடமே இருக்காது. ஏழாவது செமஸ்டர் முடிவதற்குள் அடைத்துவிடுங்கள்.

கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் பாடவாரியாகத் தியரி மணி, கிளினிக்கல் மணி இரண்டும் தனித்தனியாக எழுதிய டிரான்ஸ்கிரிப்ட்டை வாங்குங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் வாங்குங்கள். அங்குள்ள கவுன்சில்கள் மதிப்பெண்ணோடு இந்த மணிகளையும் கேட்கின்றன. ஐந்து வருடம் கழித்துக் கேட்டால், கையெழுத்திட வேண்டிய முதல்வர் மாறியிருப்பார், ஆபீசில் கோப்பைத் தேடவே மாதக்கணக்காகும். லாக் புக் கல்லூரியிலேயே தங்கிவிடும் என்றால் ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், கல்லூரிச் சான்றிதழில் முன்னால். அதைத் திருத்தும் வேலையை நான் இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.